எவ்வளவு ஆழம் போனீங்க, டீச்சர்?

மாலத்தீவில், பா அட்டோல் என்னும் தீவுக்கூட்டத்தில், ஹனிஃபாரு என்று ஒரு சின்ன வளைகுடா இருக்கிறது. மே தொடங்கி நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மான்டா திருக்கைகள் அங்கே இரை தேடிக் கூட்டங்கூட்டமாக வரும். செட்டையை விரித்தால் மூன்று, நான்கு மீட்டர் அகலம். நல்ல நாளில் எண்ணிக்கை நூறைத் தாண்டும். 2011-இல் யுனெஸ்கோ அந்தத் தீவுக்கூட்டத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. உலகத்தில் மான்டா பார்க்க இதைவிடப் பெயர்பெற்ற இடம் அதிகம் இல்லை. ஆனால் அங்கே சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஸ்கூபா செய்யத் தடை. முகத்தில் மாஸ்க், வாயில் ஸ்நார்கெல் குழாய், காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதக்கிறவர்களுக்குத்தான் அனுமதி. அதுவும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, 45 நிமிடம் மட்டும்.

பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் நாட்டின் ஜெல்லிமீன் ஏரியிலும் இதே சட்டம்தான். சுற்றிலும் பாறை சூழ்ந்த உப்புநீர் ஏரி அது. பொன்னிற ஜெல்லிமீன்கள் லட்சக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி வெயிலை வைத்து உணவு செய்வதால், காலையில் சூரியன் இருக்கும் பக்கம் நகர்ந்து, பகல் முழுக்க வெயிலைத் தொடர்ந்தபடியே ஏரியைக் கடக்கின்றன. ஏறத்தாழ 15 மீட்டருக்குக் கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்த நச்சுநீர். ஸ்கூபா குமிழிகள் ஜெல்லிமீனுக்கும் ஆகாது. ஆகவே அங்கேயும் மிதந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு இடங்களையும் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஊர் மதுரை. கடல் என்றால் ராமேசுவரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுவது என்றிருந்த குடும்பம். நாற்பது வயதுக்குமேல் நீச்சல் கற்றுக்கொண்டேன். பிறகு அந்தமானில் ஸ்கூபா பயிற்சியும் முடித்து, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற சான்றிதழும் வாங்கினேன். ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும், பழைய மாணவிகளும் அவர்களின் அம்மாக்களும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவு ஆழம் போனீங்க, டீச்சர்?"

ஆழம் போகப் போக அழகு கூடும் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பயணக் கட்டுரைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஸ்நார்கெலிங் என்பது ஸ்கூபா செய்ய முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்பதுபோல. நான் பார்த்த கடல்களும் படித்த இயற்பியலும் வேறு சொல்கின்றன. பார்ப்பதற்கென்று கடலில் இறங்குகிற ஒருவருக்கு மேலே உள்ள ஐந்தாறு மீட்டர் தண்ணீரில்தான் பெரும்பொக்கிஷம் இருக்கிறது.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். வெயிலின் நிறங்களில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். பத்து மீட்டரில் செக்கச்செவேல் என்றிருக்கும் மீனும் மங்கிய பழுப்பாகத் தெரியும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழன்று, இருபது மீட்டருக்குக் கீழே நீலமும் சாம்பலும் மிஞ்சும். அங்கே விரல் கீறி ரத்தம் வந்தால் அது கரும்பச்சையாகத் தெரியும். இதழ்களில் அச்சாகும் கடலடிப் படங்களில் சிவப்பும் ஆரஞ்சும் ஜொலிக்கிறதே, அது கேமராக்காரர் கையோடு கொண்டுபோன விளக்கின் வேலை. மேல்நீரில் அந்த விளக்கு தேவையில்லை. வெயிலே போதும்.

பவளத்துக்கும் வெயில்தான் சோறு. பவளப்பாறை என்று சொல்லிச் சொல்லி அதைக் கல் என்றே நினைத்துவிட்டோம். அது ஒரு பிராணி. குண்டூசித் தலையளவு உடம்புள்ள உயிர்கள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்து, தமக்கடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அந்தச் சின்ன உடம்புக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசி கொடுத்ததுதான். எனவே வெயில் எட்டும் இடத்தில்தான் பவளம் தழைக்கிறது. அதை நம்பிப் பிழைக்கும் மீன், நண்டு, சிப்பி, ஆமை எல்லாம் அங்கேயே கூடுகின்றன.

இதை நான் நேரில் கண்டு மனதார நம்பியது இலங்கையில். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. பாறைகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டியிருப்பதால் அந்தப் பெயர். 2003-இலிருந்து தேசியப் பூங்கா. கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டம்பர் வரை. நம் ஊர் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் அடிக்கும் என்பதால் ஆண்டுக் கடைசியில் போய்ப் பயனில்லை. நானும் என் தங்கையும் ஒரு ஜூன் மாதம் போனோம். படகோட்டி வந்தவருக்கு எங்களைவிட இருபது வயதாவது குறைவு. நான் ஆசிரியை என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு நான் ரீச்சர். மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்று நான் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது படகிலிருந்து கத்தினார்:

"ரீச்சர், மண் இருக்கிற இடத்தில நில்லுங்கோ. அங்கால காலை ஊண்டாதேங்கோ. கல்லு எண்டு நினைக்காதேங்கோ, அது உசிர்."

பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தத் தீவின் கரையில் மணலைவிட உடைந்த பவளத்துண்டுதான் அதிகம். வெள்ளை வெளேரென்று, நடந்தால் கிணுகிணுக்கும். புயலும் உடைத்திருக்கும், நங்கூரமும் உடைத்திருக்கும். நிற்கத் தெரியாமல் நின்ற மனிதக் கால்களும் உடைத்திருக்கின்றன.

குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் முதலில் வந்தது சத்தம். முறுக்குக் கடிப்பதுபோல் கறுக், கறுக். எனக்குக் கீழே ஒரு பாகத் தூரத்தில், பச்சையும் ஊதாவும் கலந்த கிளிமீன் ஒன்று தன் அலகால் செத்த பவளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மேலே படர்ந்த பாசி அதற்குத் தீனி. கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பைத் தொண்டையில் இருக்கும் இன்னொரு பல்வரிசை அரைத்துவிடும். கொஞ்சம் நகர்ந்து அது பின்பக்கமாக விட்டது ஒரு வெள்ளைப் புகைபோல் தண்ணீரில் இறங்கியது. அத்தனையும் மணல். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் செய்கிறது. மாலத்தீவின் வெண்மணல் கடற்கரைகளில் பெரும்பங்கு இந்த மீன்களின் வயிறு வழியாக வந்ததுதான். இதைப் பார்க்க எனக்குச் சிலிண்டர் தேவைப்படவில்லை, மூச்சடக்கவும் தேவைப்படவில்லை. முதுகில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி, ஆழம் இன்னும் குறைந்த இடத்தில், கருஞ்செட்டைச் சுறா. வாலிலிருந்து மூக்கு வரை என் நெஞ்சு உயரம் இருக்கும். முதுகுச் செட்டையின் நுனியில் மையில் தோய்த்து எடுத்த கறுப்பு. அதற்குக் கீழே ஒரு வெளிறிய பட்டை. தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது எங்களைப் பார்த்த மறுகணம் வாலை ஒருமுறை வெட்டித் திரும்பி, மணற்பரப்பின் மேலே நிழல் விழ விழப் போய்விட்டது. இந்த இனம் மனிதரைக் கண்டால் ஒதுங்கும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் கையைக் காலை அடிக்காமல் அசையாது கிடக்க வேண்டும்.

செங்கடல் இன்னொரு கதை. அதில் வந்து விழும் பெரிய ஆறு ஒன்றுகூட இல்லை; மழையும் அபூர்வம். சேறு கலக்க வழியே இல்லாததால் தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உப்பு ஏறி, லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம். மற்ற கடல்களில் சராசரி 35. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, உப்பு கூடினால் மிதப்பது சுலபம். நீச்சலில் அவ்வளவாக நம்பிக்கையில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கடல் இதுதான். எகிப்தில் ஷார்ம் எல்-ஷேக், ஹுர்காதா, மார்சா ஆலம் என்று கரையை ஒட்டியே பவளத்திட்டு ஓடுகிறது. பல இடங்களில் கரையிலிருந்து திட்டின் விளிம்பு வரை மரப்பாலம் போட்டு வைத்திருக்கிறார்கள். பவளத்தின் மேல் ஒரு கால்கூடப் படாமல் பாலத்தின் முனைக்கு நடந்து, படியிறங்கி, நேரே விளிம்பில் மிதக்கலாம். இந்த ஏற்பாட்டை எல்லா நாட்டிலும் செய்தால் எவ்வளவோ பவளம் பிழைக்கும்.

சினாய் தீபகற்பத்தின் தஹப் ஊருக்கு வடக்கே இருக்கும் நீலக்குழிதான் என் வாதத்துக்கு நேர்ச்சான்று. கரையை ஒட்டிய பவளத்திட்டில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. 55 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்த ஒரு வளைவு வெளிக்கடலுக்குத் திறக்கிறது. அந்த வளைவைக் கடந்துவிட வேண்டும் என்ற ஆசையில் சாதாரணக் காற்றுச் சிலிண்டரோடு இறங்கித் திரும்பாமல் போனவர்கள் பலர். கரைப் பாறையில் அவர்கள் பெயர் பொறித்த பலகைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 55 மீட்டரில் மேலே இருப்பதைப்போல் ஆறரை மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சோடு போகும் நைட்ரஜன் போதையேற்றும். வளைவு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், சிலிண்டரில் நேரமிருப்பதாகத் தோன்றும், முடிவெடுக்கும் புத்தி தள்ளாடும். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் இப்போது மூச்சு விடுகிற இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

அதே குழியின் மேல்விளிம்பில் நானும் தங்கை மகளும் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். கொஞ்சம் வடக்கே 'பெல்ஸ்' என்ற இடுக்கில் இறங்கி, பவளச் சுவரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, நீரோட்டத்தோடு மிதந்தபடியே குழிக்குள் வந்துசேர வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் அடிதெரியாத நீலம், வெயில் கீற்றுக்கீற்றாக அதற்குள் இறங்கிக் கரைகிறது. வலப்பக்கம் கைநீட்டும் தூரத்தில் சுவர். அதில் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இல்லை. ஆரஞ்சு நிற அந்தியாஸ் மீன்கள் நூற்றுக்கணக்கில் சுவரிலிருந்து வெளியே வந்து இரை பொறுக்கும். பெரிய மீன் ஒன்று கடந்தால் அத்தனையும் ஒரே நொடியில் பொந்துக்குள் புகும். அது போனதும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். பெருஞ்சிப்பி ஒன்று வாயைத் திறந்து நீலமும் கருப்பும் மின்னும் உதட்டைக் காட்டிக்கொண்டிருந்தது; என் நிழல் விழுந்ததும் சுருக்கென்று மூடிக்கொண்டது. குழிக்குள் நுழையும் இடத்தில் ஆறேழு மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு. அதன்மேல் வரும்போது கீழே, வெகு ஆழத்தில், ஸ்கூபாக்காரர்களின் குமிழிகள் வெள்ளித் தட்டுகளாக ஏறி வந்தன. அவர்கள் பார்த்ததைக் காட்டிலும் எங்களுக்குக் கிடைத்தது குறைவு என்று நான் நினைக்கவில்லை.

ஆழம் மட்டுமே காட்டக்கூடிய சில உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அதே செங்கடலில், சூயஸ் வளைகுடாவின் வாயில், திசில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. எகிப்தில் போரிட்டுக்கொண்டிருந்த படைக்குத் தளவாடம் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது. 1941 அக்டோபர் 6-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. பெட்ஃபோர்டு லாரிகளும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களும் இன்னும் கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கியபடி இருக்கின்றன. கப்பலில் ஏற்றியிருந்த ரயில் என்ஜின்கள் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டுக் கடலடி மணலில் கிடக்கின்றன. இதற்குச் சிலிண்டரும் முறையான பயிற்சியும் வேண்டும், வேறு வழியில்லை.

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள சிப்பாடானை ஸ்கூபாக்காரர்கள் கோயில்போல் கொண்டாடுவார்கள். கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடிகள் நடந்தாலே பாதாளத்தின் விளிம்பு. அந்த விளிம்பில் மிதக்கிறவருக்கும் ஆமைக்குப் பஞ்சமில்லை. 2004 முடிவதற்குள் தீவில் இருந்த விடுதிகளை எல்லாம் அரசு வெளியேற்றியது. இப்போது நாளுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச்சீட்டு. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில், கேப் க்ரீ என்ற ஒரே இடத்தில், மீனியலறிஞர் ஜெரி ஆலன் 2012-இல் ஒரே முங்கலில் 374 வகை மீன்களை எண்ணினார். அந்தத் திட்டின் மேல்பகுதியும் ஸ்நார்கெலுக்கு எட்டும் ஆழம்தான். பெலிஸ் நாட்டின் பெரிய நீலக்குழிக்கு மட்டும் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். 300 மீட்டர் அகலம், 124 மீட்டர் ஆழம். விமானத்திலிருந்து பார்த்தால் பிரமிப்பு. உள்ளே இறங்கினால் இருட்டும், பனியுகத்தில் அது வறண்ட குகையாக இருந்தபோது தொங்கிய சுண்ணாம்பு விழுதுகளும்தான். உயிரெல்லாம் வெளி விளிம்பில் இருக்கிறது.

தெளிந்த தண்ணீரைத் தேடி அலைகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்ற பிளவு, வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் இடத்தில் இருக்கிறது. பனியாறு உருகிய நீர் எரிமலைப் பாறைகளுக்குள் பல பத்தாண்டுகள் வடிந்து வருவதால், நூறு மீட்டர் தூரம்வரை கண்ணாடியாகத் தெரியும். குளிர் 2 முதல் 4 டிகிரி. நீர் புகாத உடை போட்டுத்தான் இறங்க முடியும். அங்கே கல்லின் அழகைப் பார்க்கலாம். உயிர் என்று பார்த்தால் கொஞ்சம் பாசிதான். ஹனிஃபாருவில் நேர்மாறு. நாங்கள் இறங்கியபோது தண்ணீர் கஞ்சியாய்க் கலங்கியிருந்தது. படகில் ஒருவர் ஏமாற்றமாக முணுமுணுத்தார். அந்தக் கலக்கல்தான் மிதவை உயிரிகள். பருவக்காற்று தள்ளும் நீரோட்டம் அவற்றைக் கொண்டுவர, ஏற்றநீர் வளைகுடாவுக்குள் இழுத்துப் பூட்டிவிடுகிறது. அதற்காகத்தான் மான்டா வருகிறது. கலங்கலுக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை வாய், ஒரு கதவளவுக்குத் திறந்து. உள்ளே இருபுறமும் செவுள் வரிசை தெரிந்தது. வாய்க்கு இருபக்கமும் இரண்டு மடல்கள் இரையை உள்ளே ஒதுக்கிக்கொடுத்தபடி இருந்தன. என் முகத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் அது அப்படியே குட்டிக்கரணமாக மேல்நோக்கி வளைந்து, வெண்ணிற வயிற்றைக் காட்டிக்கொண்டு, மீண்டும் வந்த வழியிலேயே திரும்பியது. வயிற்றில் இருக்கும் கரும்புள்ளிகள் ஒவ்வொரு மான்டாவுக்கும் வேறுவேறு. ஆய்வாளர்கள் அதை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பெயரிட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

மேல்நீரைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு, அதைப் பிடித்திருக்கும் நோயையும் சொல்ல வேண்டும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998-இல் மாலத்தீவின் பவளம் பெரும்பாலும் இப்படித்தான் அழிந்தது. தேறி வந்ததை 2016 மறுபடி அடித்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2,300 கிலோமீட்டர் நீளம். 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளிறல் அங்கே அடுத்தடுத்து வந்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். செங்கடலின் வடமுனையில் உள்ள அகபா வளைகுடாப் பவளங்களுக்குச் சூடு தாங்கும் சக்தி கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகவாவது அந்தக் கரையை மாசுபடாமல் காக்க வேண்டும் என்ற கவலை எனக்கு உண்டு. மிதக்கப் போகிறவர் செய்யக்கூடியது சிறியதுதான், ஆனாலும் செய்ய வேண்டும். ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவ் 2020 ஜனவரி முதல் அதைத் தடைசெய்திருக்கிறது. நான் கணுக்கால்வரை லெக்கிங்ஸும் முழுக்கை நீச்சல் சட்டையும் போட்டுக்கொள்வேன். பூச்சே வேண்டியதில்லை, ஜெல்லிமீன் கொடுக்கும் உறைக்காது, நம் ஊர்ப் பெண்களுக்கு உடுத்தவும் கூச்சமிருக்காது.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழாய் ஏன் ஒரு முழம்கூட நீளமில்லை என்று மாணவிகள் கேட்பார்கள். பழைய படங்களில் கதாநாயகன் நாணல் தண்டை வாயில் வைத்துக்கொண்டு ஆற்றடியில் ஒளிந்திருப்பானே, அது நடக்காது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அழுத்தும் அழுத்தத்தை மீறி மேலேயிருந்து காற்றை இழுக்க நம் விலாத் தசைகளால் முடியாது. நீளக்குழாயில் நாம் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே வரும் என்பது இன்னொன்று.

நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள். கீழே முங்கிப் பார்ப்பதற்கு முன்பு வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். மூச்சுமுட்டும் உணர்வைக் கொடுப்பது உடம்பில் சேரும் கரியமிலவாயு. வேகமூச்சு அதை வெளியேற்றிவிடுவதால், எச்சரிக்கை மணி அடிக்காமலே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். சத்தமே இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் குப்புற மிதந்து மீன் பார்ப்பதாகத்தான் தெரியும். அதனால் தனியே இறங்காதீர்கள். ஜோடியில் ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே இருந்து பாருங்கள். பவளத்திட்டில் பெரிய கிளாத்தி மீன் ஒன்று உங்கள் துடுப்பைக் கடிக்க வந்தால், அதன் கூட்டுக்கு நேர்மேலே இருக்கிறீர்கள் என்று பொருள். அது காவல் காக்கும் எல்லை கூம்பு வடிவில் நீர்மட்டம் வரை விரிந்திருக்கும். எனவே மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டோடு ஆரம்பிக்க அந்தமானே போதும். போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டூரில் படகேறினால், மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் ஜாலி பாய் தீவு. திட்டுக்கு ஓய்வு கொடுப்பதற்காக வருடத்தில் சில மாதங்கள் அதை மூடிவைத்து, ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் கணக்கு வைத்துக்கொண்டு, திரும்பும்போது எண்ணிப் பார்ப்பார்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பே உள்ளூர் நீச்சல்குளத்தில், நிற்கிற ஆழத்தில், மாஸ்க்கும் குழாயும் மாட்டி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பழகுங்கள். மூக்கு அடைபட்டிருக்க வாயால் மெதுவாக இழுத்து நீளமாக விடுவது, குழாயில் தண்ணீர் புகுந்தால் ஒரே ஊதலில் வெளியேற்றுவது, இந்த இரண்டும் கைவந்துவிட்டால் போதும். என் தங்கைக்கு இன்றும் நீச்சல் வராது. நிலாவெளியில் அந்தச் சுறாவை என்னைவிட முன்னால் பார்த்தது அவள்தான்.